பீளமேட்டு முனையமும் முதல்முறைப் பயணியும்

பவானிக் கூடுதுறையை நடுவாகக் கொண்டு நோக்கினால், இரண்டு விமான நிலையங்கள் எட்டும் தொலைவில் அமைந்துள்ளன. வடகிழக்கே ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் உள்ளது; தென்மேற்கே அவிநாசி சாலையை ஒட்டிப் பீளமேட்டில் கோயம்புத்தூர் விமான நிலையம் உள்ளது. இவற்றுள் அருகில் இருப்பது சேலமே. ஆயினும் பவானி, ஈரோடு, பெருந்துறை வட்டார மக்கள் இரண்டு மணி நேரம் பயணம் செய்து பீளமேட்டையே நாடுகின்றனர்.

இதற்குக் காரணம் உண்டு. 1993இல் தொடங்கப்பெற்ற சேலம் நிலையத்திற்கு விமானங்கள் சிறிது காலம் வந்து, பின்னர் நின்றுபோயின. 2009இல் மீண்டும் வந்தன. சில ஆண்டுகளில் மீண்டும் நின்றன. நடுவண் அரசின் 'உடான்' திட்டத்தின்கீழ் 2018 மார்ச்சில் சென்னைக்குத் தொடங்கிய சேவையும் 2021இல் அறுந்தது. 2023 அக்டோபரில்தான் அங்கு மறுபடியும் விமான ஒலி கேட்டது. ஓடுபாதையும் கட்டடமும் ஆயத்தமாக இருந்தும், நாளை விமானம் வருமா என்னும் ஐயம் இருக்கும் வரையில் மக்கள் அந்த நிலையத்தை நம்பித் தம் பயணத்தைத் திட்டமிடமாட்டார்கள். கொங்கு நாட்டின் வான்வழிப் போக்குவரத்து முழுவதும் பீளமேட்டின்மீது சாய்ந்திருப்பதற்கு இந்த நம்பகமின்மையும் ஒரு காரணமாகும்.

ஆலைகளின் நிலையம்

பீளமேட்டு நிலையம் 1940ஆம் ஆண்டில் பயணிகள் விமானத் தளமாகத் தோன்றியது. பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் கோயம்புத்தூரில் நூற்பாலைகள் பெருகிய காலம் அது. ஆலைத் தொழிலோடு அந்நிலையத்திற்கு உள்ள உறவை இன்றும் அதன் வாயிலிலேயே காணலாம். விமான நிலையத்திற்குச் செல்வோர் இறங்கும் பேருந்து நிறுத்தத்தின் பெயர் 'சிட்ரா'. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தின் ஆங்கிலப் பெயரில் உள்ள முதலெழுத்துகளே அவ்வாறு ஊர்ப்பெயர்போல வழங்குகின்றன. அக்கழகத்தின் அஞ்சல் முகவரியிலோ 'ஏரோட்ரோம்' என்னும் சொல் இடம்பெறுகிறது. நூலும் விமானமும் ஒன்றின் பெயரை மற்றொன்று சுமந்து நிற்கும் இக்காட்சி வேறு ஊர்களில் அரிது.

தொடக்கத்தில் டகோட்டா, ஃபோக்கர், ஆவ்ரோ முதலிய உந்துவிசிறி விமானங்கள் இங்கிருந்து சென்னை, பெங்களூரு, கொச்சி, பம்பாய் ஆகிய நகரங்களுக்குச் சென்றுவந்தன. பயணிகளுட் பெரும்பாலோர் ஆலை உரிமையாளர்களும் வணிகர்களும் உயர் அலுவலர்களுமே. 1980களில் ஜெட் விமானங்கள் இறங்குவதற்கேற்ப ஓடுபாதையை விரிவாக்கும்பொருட்டு நிலையம் மூடப்பட்டது. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து சேவைகள் நடைபெற்றன. 1987இல் பீளமேடு மீண்டும் திறக்கப்பட்டது. 1995இல் சார்ஜாவுக்கு வெளிநாட்டுச் சேவை தொடங்கியது. 2012 அக்டோபரில் பன்னாட்டு விமான நிலையம் என்னும் தகுதியும் கிடைத்தது.

பெயர் பன்னாட்டு நிலையம் எனினும், இதனைப் பயன்படுத்துவோருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உள்நாட்டுப் பயணிகளே. ஆண்டுக்கு 30 இலட்சத்தை ஒட்டிய பயணிகள் வந்துபோகும் இம்முனையத்தின் தரத்தை, சிங்கப்பூர் விமானத்தை வைத்து அளவிடுவதைவிடச் சென்னை விமானத்திற்குக் காத்திருப்போரை வைத்து அளவிடுவதே முறையாகும்.

அந்தப் பயணிகளும் இன்று மாறிவிட்டனர். தில்லியில் நேர்காணலுக்குச் செல்லும் பட்டதாரியும், மும்பையில் பணியாற்றும் மகனைக் காணச் செல்லும் நெசவாளர் இணையரும், வெளிமாநிலக் கல்லூரியில் சேரச் செல்லும் மாணவியும் வரிசையில் நிற்கின்றனர். இவர்களுட் பலர் தம் குடும்பத்திலேயே முதன்முறையாக விமானம் ஏறுவோர். ஆலை முதலாளிக்காகத் தோன்றிய நிலையம் இவர்களுக்காகத் தன்னை எவ்வளவு மாற்றிக்கொண்டுள்ளது என்பதே இன்று கேட்கவேண்டிய வினா.

வாயிலில் தொடங்கும் தடுமாற்றம்

பவானியிலிருந்து கோயம்புத்தூர் செல்லும் பேருந்தில் வரும் ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். சிட்ராவில் இறங்கியதும் முனையம் கண்முன் நிற்பதில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். இல்லையேல் ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். 2025 அக்டோபரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள ஜி.டி.நாயுடு மேம்பாலம் திறக்கப்பட்டது. காரில் வருவோர்க்கு அது பெரும் வசதி. நகரின் நெரிசலைக் குறைக்கும் நற்பணி என்பதிலும் ஐயமில்லை. சிட்ராவில் இறங்குபவருக்கோ அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டர் அப்படியே இருக்கிறது.

வாயிலில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் பயணச்சீட்டையும் அடையாள அட்டையையும் பார்த்து உள்ளே விடுகின்றனர். வழியனுப்ப வந்த தந்தை வெளியே நின்றுவிடுகிறார். பாதுகாப்பு விதி அது, குறை கூறுவதற்கில்லை. ஆனால் உள்ளே மகள் எந்த வரிசையில் நிற்கவேண்டும் என்று கைகாட்ட இயலாத அந்த இடத்திலிருந்து அவள் தனியள். உடைமைகளை ஒப்படைப்பது, ஏறுசீட்டுப் பெறுவது, சோதனையைக் கடப்பது, வாயில் எண்ணைக் கண்டறிவது ஆகியவை பழகியவர்க்கு மிக எளியவை. பழகாதவர்க்கோ ஒவ்வொரு படியிலும் கேட்பதற்கு நாணம், கேட்காவிடில் அச்சம்.

விதிகளும் அவ்விடத்தில்தான் தெரியவருகின்றன. கொங்கு நாட்டில் உறவினர்க்குக் கொப்பரைத் தேங்காய் கொண்டுசெல்வது இயல்பு. விமானத்திலோ அதற்குத் தடை உண்டு. எண்ணெய் செறிந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால், அபாயப் பொருள்களின் பன்னாட்டுப் பட்டியலிலேயே அது இடம்பெற்றுள்ளது. இக்காரணத்தை முன்கூட்டியே தமிழில் சொன்னால் எவரும் ஏற்பர். சோதனைக் கருவியின் முன் பெட்டியைத் திறக்கச் சொல்லும்போதோ குற்றம் செய்தவர்போலக் கூசி நிற்பர். எடைக்கும் இது பொருந்தும். பெரும்பாலான உள்நாட்டு விமானங்களில் ஒப்படைக்கும் பெட்டிக்கு 15 கிலோ வரையே கட்டணமில்லை. அன்பளிப்பாகப் பவானி ஜமக்காளம் இரண்டை மடித்துவைத்தவர்க்கு அந்த எல்லை விரைவில் வந்துவிடும்!

மொழியைப் பொறுத்தவரை ஓரளவு முன்னேற்றம் உண்டு. விமான நிலைய அறிவிப்புகளில் வட்டார மொழிக்கு முதலிடம் தரவேண்டும் என 2018இல் நடுவண் அரசு அறிவுறுத்தியது. ஆனால் விமானத்தினுள் இருக்கைப் பட்டை, அவசர வழி பற்றிய பாதுகாப்பு விளக்கம் பெரும்பாலும் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே ஒலிக்கிறது. கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் இடையே பறக்கும் விமானத்தில், உயிர்காக்கும் சொற்கள் பயணிகளுட் பெரும்பாலோரின் தாய்மொழியில் இல்லாமையை மரபு என்று கூறி ஒதுக்கிவிட இயலாது.

2024இல் முகத்தைக் காட்டியே நுழையும் 'டிஜி யாத்ரா' வசதி கோயம்புத்தூருக்கு வந்தது. திறன்பேசியில் பழகியவர்க்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். அதே அக்கறையுடன், உதவி கேட்பவர்க்குத் தமிழில் வழிகாட்டும் பணியாளர் ஒருவரையும் வாயிலுக்கருகே அமர்த்தலாம். அதற்காகும் செலவு மிகச் சிறிது. உணவின் விலையும் கருதத்தக்கது. 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னையிலும் விமான நிலையத்திற்குள் பத்து ரூபாய்க்குத் தேநீர் தரும் மலிவுவிலைக் கடைகள் திறக்கப்பட்டன. மலிவாக விற்க முடியும் என்பதை அவை காட்டிவிட்டன. இனி ஒவ்வொரு முனையத்திலும் அத்தகைய கடையைக் கட்டாயமாக்குவதற்குத் தடை ஏதுமில்லை.

நிலம் தந்தோர்

தற்போதுள்ள 2,990 மீட்டர் ஓடுபாதையை 3,800 மீட்டருக்கு மேல் நீட்டவும் பெரியதொரு முனையம் கட்டவும் திட்டமிடப்பட்டுள்ளது. இதற்காக 600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் தேவை என 2010இல் அறிவிக்கப்பட்டது. காளப்பட்டி, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம், இருகூர், நீலாம்பூர் பகுதிகளைச் சேர்ந்த நிலவுடைமையாளர்கள் அன்றுமுதல் பல ஆண்டுகள் தம் நிலத்தை விற்கவும் இயலாமல், அதில் துணிந்து வீடு கட்டவும் இயலாமல் காத்திருந்தனர். இழப்பீட்டுத் தொகை பற்றிய வழக்குகளும் பேச்சுகளும் நீண்டன. ஓடுபாதை நீண்டதும் பெரிய விமானங்கள் வரும். திருப்பூர்ப் பின்னலாடையும் பொறியியல் பொருள்களும் நேரே அயல்நாடு செல்லும் என்று கூறப்படுகிறது. அது நிகழக்கூடியதே. ஆனால் ஒரு தலைமுறை தன் மகளின் திருமணத்திற்கும் மகனின் படிப்புக்கும் விற்க நினைத்த நிலம் பத்தாண்டுக்கு மேல் முடங்கிக் கிடந்தது என்பதைத் திட்ட மதிப்பீட்டின் எந்த வரியும் கணக்கில் கொள்வதில்லை. நிலம் எடுப்பதெனில் உரிய விலையை உரிய காலத்தில் கொடுத்து எடுப்பதே நேர்மை. காலந்தாழ்த்திக் கொடுக்கும் நல்ல விலை அரை இழப்பீடே.

2021இல் வெளியான தேசியப் பணமாக்கல் திட்டத்தில், தனியார் பங்கேற்புக்குரிய 25 விமான நிலையங்களுள் கோயம்புத்தூரும் இடம்பெற்றது. மாநில அரசு வாங்கித் தரும் நிலத்தில் அமைந்த நிலையம் தனியார் கைக்கு மாறுமானால், கிடைக்கும் வருவாயில் மாநிலத்திற்கும் பங்கு வேண்டும் என 2022இல் தமிழ்நாடு அரசு கொள்கை வகுத்தது. அக்கோரிக்கை நியாயமானது. பங்கு கேட்பதோடு, கட்டப்படும் முனையம் யாருக்குரியது என்பதையும் இப்போதே பேசி முடிவுசெய்தல் வேண்டும். கட்டடம் எழுந்தபின் சுவரை இடித்து வழி அமைப்பது அரிது. வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றுவது எளிது. சிட்ராவிலிருந்து முனைய வாயில் வரை பெட்டியுடன் ஏறத்தக்க தாழ்தளப் பேருந்து, அது வந்து நிற்பதற்கு வாயிலருகே நிழற்குடை, வழியனுப்ப வந்தோர் அமர்வதற்கும் உள்ளே சென்றவர் சோதனையைக் கடந்துவிட்டதை அறிவதற்கும் ஒரு கூடம் ஆகிய மூன்றும் முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும்.