கார் குளிர்சாதனம்: கசியும் வாயுவுக்கு யார் கணக்கு?

கோடை தொடங்கிவிட்டால் புதுச்சேரியின் கார் ஏ.சி. பட்டறைகளில் இடம் கிடைப்பது அரிது. கடற்காற்றின் உப்பு கண்டென்சரை அரிக்கும், வாயு கசியும். மெக்கானிக் புதிதாக நிரப்பி அனுப்புவார். பழைய வாயு எங்கே போயிற்று என்று கேட்பவர் இல்லை.

இந்தியச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ. ஓசோனைச் சிதைத்த ஆர்-12 வாயுவுக்கு மாற்றாக வந்தது. ஓசோனுக்குத் தீங்கில்லை, ஆயினும் 1 கிலோ, நூறாண்டுக் கணக்கில், 1,430 கிலோ கரியமில வாயுவுக்கு நிகராகப் புவியை வெப்பமாக்குகிறது. சிறிய கார் ஒன்றில் 450 கிராம் இருப்பதாகக் கொள்வோம். அது முழுதும் வெளியேறினால் ஏறத்தாழ 640 கிலோ. அதாவது 280 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் காரில் சென்னைக்கு 14 முறை சென்று திரும்பலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2006-இலேயே விதி வகுத்து, 2017 முதல் எல்லாப் புதிய கார்களிலும் இந்த வாயுவை விலக்கிவிட்டது. அங்கு வந்த ஆர்-1234ஒய்எஃப் வெப்பமாக்குவது மிகக் குறைவு. ஆனால் விலை அதிகம். காற்றில் சிதைந்து, நீரில் நெடுங்காலம் அழியாத ஓர் அமிலமாகவும் மாறுகிறது. கரியமில வாயுவையே குளிரூட்டியாகப் பயன்படுத்தலாம்; அதற்கு மிகு அழுத்தம் தாங்கும் பாகங்கள் வேண்டும், நம் வெயிலில் அதன் திறனும் குறையும்.

கிகாலி உடன்பாட்டின்படி இந்தியா 2028-இல் இவ்வகை வாயுக்களின் பயன்பாட்டை உறையவைத்து, 2032 முதல் குறைத்து, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். இது வாயுவின் உற்பத்திக்கும் இறக்குமதிக்குமான கட்டுப்பாடே. ஏற்கெனவே ஓடும் கார்களிலிருந்து கசிவதை அது தடுக்காது.

வாயுவைக் காற்றில் விடச் செலவில்லை. உறிஞ்சிச் சேமிக்கக் கருவி வேண்டும், நேரம் வேண்டும். பட்டறைக்காரர் எதைத் தேர்வார் என்பதில் வியப்பில்லை. லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்றால் எல்லை தாண்டி வந்து பெட்ரோல் போடும் மக்களைப் பார்க்கும் ஊர் இது. விலை எதைச் செய்யவைக்கும் என்று நமக்குத் தெரியும். நீலகிரியில் 2022-இல் மதுப் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் தந்தால் திருப்பிக் கொடுத்தார்கள். அதுபோல வாயு விற்கும்போதே ஒரு முன்பணம் வசூலித்து, மீட்ட வாயுவை ஒப்படைக்கும் பட்டறைக்கு எடைக்கேற்ப வழங்கலாம். புதுச்சேரி மட்டும் செய்தால் பட்டறைகள் கடலூரிலோ திண்டிவனத்திலோ வாயு வாங்கிக்கொள்ளும். ஆகவே தமிழகமும் சேர்ந்தே தொடங்க வேண்டும்.