கடனுக்கு டீவி எடுக்கக் கையெழுத்துப் போட முன்னர் இதை வாசியுங்கள்

நெளுக்குளம், பட்டாணிச்சூர், வேப்பங்குளம் பக்கத்து உறவுகளுக்கும், ரோட்டில் கண்டால் "சேர், வணக்கம்" சொல்லும் அயலவர்களுக்கும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். தவணைக்குச் சாமான் விற்கும் முதலாளிமார் சிலருக்குக் கசக்கும். பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் எனது நண்பர்கள் இரண்டு பேருக்கும் கசக்கும். என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு எல்லாரையும் விடக் கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று அஸர் தொழுதுவிட்டு வரும்போது சந்தியில் ஒரு வாப்பா என்னை நிறுத்தினார். அவருடைய மகள் அடுத்த முறை சாதாரண தரம் எழுதுகிறாள். "சேர், பிள்ளை போனில பாடம் பாத்துப் பாத்துக் கண்ணெல்லாம் சிவந்து போச்சு. நாப்பத்திமூண்டு இஞ்சி ஸ்மார்ட் டீவி ஒண்டு மாசக் காசுக்குப் பேசியிருக்கன். நாளைக்குக் கையெழுத்து" என்றார். அவர் கூலி வேலைக்குப் போகிறவர். வேலை இல்லாத நாளும் உண்டு. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "மூத்தவர் உயர்தரத்துக்கு ஐசிடி செய்யக்குள்ள வாங்கின கொம்பியூட்டர் எங்க?"

இருக்கிறதாம். துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்களாம். வீட்டில் 32 இஞ்சி டீவியும் இருக்கிறதாம். அது ஸ்மார்ட் இல்லை, சாதாரண எல்ஈடி. பின்னால் எச்டிஎம்ஐ துவாரம் இரண்டு.

ஆக, அந்த மனிசன் பல மாதம் கட்டப்போகும் கடனுக்குப் பதில், ஒரு கிலோ மாட்டிறைச்சிக் காசும் முடியாத ஒரு கேபிள் அந்த வீட்டுக்குப் போதும். இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கடைக்காரர் சொல்லமாட்டார், அது அவர் வேலை இல்லை. சொல்ல வேண்டியவர்கள் நாங்கள், அதாவது ஆசிரியர்கள். நாங்களும் சொல்லவில்லை.

"ஸ்மார்ட் டீவி என்றால் பென் ட்ரைவைக் குத்தினால் எல்லாம் ஓடும்" என்று கடையில் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் ஒன்று வந்தது. முதல் நாளே ஒரு கணிதப் பாட வீடியோவைப் போட்டேன். படம் வந்தது, சத்தம் வரவில்லை. அடுத்ததைப் போட்டேன், "இந்தக் கோப்பை இயக்க முடியாது" என்று வந்தது. மூன்றாவது வீடியோவைப் பென் ட்ரைவில் ஏற்றவே முடியவில்லை. கடைக்குப் போனால், "உங்கட பைல் பிழை சேர்" என்றார்கள். பைல் பிழையில்லை. ஒரு வீடியோ எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறதோ, அந்த முறையை விரிக்கத் தெரிந்த சாதனத்தில் மட்டும்தான் அது ஓடும். எச்.265 என்ற முறை 2013 இல் வந்தது. அதற்கு முந்திய டீவிகளுக்கு அது தெரியாது, பிந்திய மலிவு டீவிகள் பலவற்றுக்கும் தெரியாது. சத்தத்திலும் இப்படிப் பல வகை இருக்கிறது. பென் ட்ரைவ் பழைய ஃபேட் 32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை அது ஏற்காது. பல டீவிகளுக்குள் தொழிற்சாலையில் எதை வைத்தார்களோ அதுதான் கடைசிவரைக்கும். கொம்பியூட்டரில் விஎல்சி என்ற இலவச மென்பொருளை ஒருமுறை போட்டுவிட்டால் இந்தத் தொல்லை அநேகமாகத் தீரும். பிரான்ஸில் பல்கலைக்கழக மாணவர்கள் 1996 இல் தொடங்கிய வேலை அது. இன்றுவரை ஒரு சதம் கேட்பதில்லை, விளம்பரமும் காட்டுவதில்லை.

இன்னொன்று. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு வீடியோ மட்டும் போதாது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இருக்கிறது, கடந்தகால வினாத்தாள்கள் இருக்கின்றன. பென் ட்ரைவில் போட்டுக் குத்தினால் டீவி பிடிஎஃப்பைத் திறக்குமா? அநேகமான டீவிகள் திறக்காது. கொம்பியூட்டர் திறக்கும். வீடியோவை நிறுத்திவிட்டு வினாத்தாளை எடுத்து, கணக்கைச் செய்துவிட்டுத் திரும்ப வீடியோவுக்குப் போகலாம். பிள்ளைக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான்.

இணைப்பது ஒரு பெரிய வித்தை இல்லை. கொம்பியூட்டரின் பின்னாலோ மடிகணினியின் பக்கத்திலோ எச்டிஎம்ஐ துவாரம் இருந்தால் கேபிளை அங்கும் டீவியிலும் குத்துங்கள். படமும் சத்தமும் அந்த ஒரே கேபிளில் போகும். (கொம்பியூட்டருக்குள் தனியாக ஒரு கிராபிக்ஸ் காட் போட்டிருந்தால் அந்தக் காட்டில் உள்ள துவாரத்தில்தான் குத்த வேண்டும். மற்றதில் குத்திவிட்டு "வேலை செய்யுதில்லை" என்று எனக்கு அழைத்தவர்கள் உண்டு.) பிறகு ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' அழுத்தி, எந்த எச்டிஎம்ஐயில் குத்தினீர்களோ அதைத் தெரியுங்கள். விண்டோஸ் பொத்தானைப் பிடித்துக்கொண்டு 'பி' எழுத்தை அழுத்தினால் நான்கு தெரிவுகள் வரும். 'டுப்ளிகேட்' என்றால் இரண்டு திரையிலும் ஒரே படம். 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' என்றால் டீவியில் மட்டும்.

படம் வந்து சத்தம் கொம்பியூட்டரிலேயே கேட்டால் பயப்பட வேண்டாம். கீழே மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் அடையாளத்தில் போய் டீவியின் பெயரைத் தெரிந்தால் சரி. படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் அது கொம்பியூட்டரின் குற்றமில்லை. டீவியின் பட அளவு மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' என்று ஏதாவது இருக்கும், அதற்கு மாற்றுங்கள். கேபிளை இரண்டு மூன்று மீற்றருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அறையில் இருந்து ஹோலுக்கு இழுக்கவென்று 15 மீற்றர் மலிவுக் கேபிள் வாங்கினால் படம் விட்டுவிட்டுத்தான் வரும்.

பழைய கொம்பியூட்டரில் நீலநிற விஜிஏ துவாரம் மட்டும் இருக்கலாம். டீவியிலும் அது இருந்தால் அந்தக் கேபிளே போதும். ஆனால் விஜிஏயில் சத்தம் போகாது, அதற்குத் தனி வயர் வேண்டும். டீவியில் அது இல்லாவிட்டால் விஜிஏயை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் சிறு பெட்டி ஒன்று தேவை. வாங்கும்போது எந்தப் பக்கத்தில் இருந்து எந்தப் பக்கத்துக்கு என்று தெளிவாகச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கமாக மாற்றும் பெட்டியும் பார்வைக்கு அதைப் போலவே இருக்கும். மாறி வாங்கிக் காசைப் பாழாக்கியவன் நான். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் குத்தும் பின்பக்கம் பெருத்த டீவிதான் உங்களிடம் இருக்கிறதென்றால், செலவழிக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. படம் ஓடும், ஆனால் எழுத்து மங்கும். பலகையில் எழுதியதை வாசிக்க முடியாத பாடத்தால் பிள்ளைக்கு என்ன பயன்? அந்த வீட்டில் கொம்பியூட்டர் திரையிலேயே பார்க்கட்டும். அதுவே போனை விட மூன்று நான்கு மடங்கு பெரிசு.

கரண்ட் பில் என்று சொல்வீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மேசைக் கொம்பியூட்டரும் எல்ஈடி டீவியும் சேர்ந்து 150 வாட் எடுக்கும் என்று வைத்தால், நாளுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு 0.3 அலகு, மாதத்துக்கு 9 அலகு. மடிகணினி என்றால் அதிலும் குறைவு. 60 அலகின் விளிம்பில் நிற்கும் வீடுகள் கவனமாக இருக்க வேண்டும், அதைத் தாண்டினால் விலைப் படியே மாறிவிடும். மீற்றரைப் பாருங்கள், தேவையில்லாமல் எரியும் குண்டு பல்பைக் கழற்றுங்கள். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் தவணைக் காசுக்குக் கிட்டவும் வராது.

இப்போது பள்ளி நிர்வாக நண்பர்களிடம் வருகிறேன். "சேர் சொல்லி ஊரெல்லாம் படம் பாக்கப் போகுது" என்று ஒருவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். பெரிய திரை வந்தால் பித்னாவும் கூட வரும் என்கிறார். நான் அவரிடம் கேட்பது இதுதான்: உங்கள் வீட்டில் டீவி இல்லை, சரி. போன் எத்தனை? நான்கு. அதில் ஒன்று பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம். அது இரவு பதினொரு மணிக்கு எங்கே இருக்கிறது? போர்வைக்குள். அந்தப் பிள்ளை என்ன பார்க்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது, எனக்கும் தெரியாது. ஹோலில் 32 இஞ்சித் திரையில் ஓடுவதை உம்மா அடுப்படியில் இருந்தபடியே பார்க்கலாம், வாப்பா வந்தால் பார்க்கலாம், பக்கத்து வீட்டு ராத்தா வாசலால் எட்டிப் பார்த்தாலும் தெரியும். பிள்ளை கெட்டுப்போக விரும்பினால் தெரிவு செய்யும் கடைசி இடம் ஹோலின் நடு. டீவியை ஷைத்தான் பெட்டி என்று வெளியே போட்டுவிட்டு, அதைச் சின்னதாக்கிப் பிள்ளையின் கையில் கொடுத்தது நாங்கள்தான். மார்க்கப் பேணுதல் என்று இதற்கு எப்படிப் பெயர் வைத்தோம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அடுத்தது என் இனம், ஆசிரியர்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது என்ன செய்தோம்? நேத்ரா டீவியில் குருகெதர போனது. அது நல்ல வேலை, ஒரு நேரத்துக்கு ஒரு பாடம்தான் என்பது மட்டும்தான் குறை. நாங்கள் வட்ஸ்அப் குறூப் தொடங்கினோம். வீடியோ எடுத்து அனுப்பினோம், "பாடம் அனுப்பப்பட்டது" என்று எழுதிவைத்தோம். அந்த நாட்களில் வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் 16 எம்பிக்குச் சுருக்கித்தான் போகும். நான் பலகையில் எழுதிய இருபடிச் சமன்பாட்டில் அடுக்கு 2 எது, குணகம் எது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. எனக்கே அடுத்த நாள் என் வீடியோவைப் பார்த்தபோது தெரியவில்லை. ஆனாலும் "ஏன் செய்யேல்ல?" என்று பிள்ளைகளைத்தான் ஏசினேன். அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. லீவு வந்தால் போதும், குறூப்பில் வீடியோ. ஆசிரியர்களே, குறைந்தது அதை 'டொக்கியூமென்ட்' ஆக அனுப்புங்கள், அப்போது சுருங்காமல் போகும். அதைவிட நல்லது, பாடசாலைக் கொம்பியூட்டரில் எல்லாப் பாடத்தையும் சேர்த்து வைத்து, பென் ட்ரைவ் கொண்டுவரும் பிள்ளைக்கு ஏற்றிக் கொடுப்பது. டேட்டா காசு மிச்சம். வைரஸ் வரும் என்பார்கள். வரும்தான். ஏற்ற முன்னர் ஸ்கான் பண்ணுங்கள், அதற்காக வேலையை நிறுத்த வேண்டியதில்லை. எச்.264 முறையில், 720 அளவில் கொடுத்தால் பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய மெசினிலும் சிக்காமல் ஓடும். எச்.265 இல் 1080 கொடுத்தால்தான் அந்த மெசின்கள் திணறும்.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டால் பாவம். வன்னியில் சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி எப்படி இடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கொம்பியூட்டரை டீவியோடு இணைத்துவிட்டால் இரண்டும் ஒரே உடம்பு. டிஷ் அன்ரனா வயரால் வரும் மின்னல் டீவியோடு நிற்காது, எச்டிஎம்ஐ வழியாகக் கொம்பியூட்டருக்கும் போகும். பிளக்கைக் கழற்றினால் மட்டும் போதாது, அன்ரனா வயரையும் எச்டிஎம்ஐயையும் கழற்றுங்கள். இடி தொடங்கிய பிறகு ஓடிப்போய்க் கழற்ற வேண்டாம், மேகம் கறுக்கும்போதே செய்யுங்கள். கேபிளைத் தொடும்போது கை விறைத்தால் வீட்டில் ஏர்த் சரியில்லை என்று அர்த்தம், வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

பாடம் பாடம் என்று சொல்லிக்கொண்டே போகிறேன். எங்கள் வீட்டில் அந்தக் கேபிளால் முதலில் பார்த்தது பாடம் இல்லை. என் மனைவியின் உம்மம்மா எருக்கலம்பிட்டியில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போய் இறங்கியவர்களில் ஒருவர். அவர் மௌத்தாக முன்னர் மச்சான் ஒருவர் போனில் அவரைப் பேசவைத்து எடுத்த வீடியோ ஒன்றரை மணித்தியாலம் இருக்கும். ஐந்து வருடமாகப் போனில் கிடந்தது. யாரும் முழுதாகப் பார்க்கவில்லை, பிள்ளைகள் அரை நிமிடத்தில் தள்ளிவிடுவார்கள். ஒரு நோன்பு நாள் தராவீஹ் முடிந்து வந்து அதை டீவியில் போட்டேன். பதினோரு பேர் பாயில் இருந்து பார்த்தோம். வீட்டை விட்டு வெளிக்கிடும்போது கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு வந்ததை அவர் சொல்கிறார். என் சின்ன மகன் "திரும்பப் போடுங்க வாப்பா" என்றான். அதே வீடியோதான் அவன் கையிலும் இத்தனை நாள் இருந்தது.

அந்த வாப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இன்று காலை அழைத்து, கையெழுத்தை ஒரு கிழமைக்குத் தள்ளிவைத்திருப்பதாகச் சொன்னார். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நான் அவர் வீட்டுக்குப் போகிறேன், கேபிள் என்னிடம் இருக்கிறது. வேறு யாருக்காவது தேவையென்றால், டீவியின் பின்பக்கத்தையும் கொம்பியூட்டரின் பின்பக்கத்தையும் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். என்ன வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது என்று எழுதி அனுப்புகிறேன். அதுவரைக்கும் கடைப்பக்கம் போகாதீர்கள்.