29 இஞ்ச் இருந்தால்தான் பந்தயமா?

"ஏனுங்க, பையன் ரேஸுக்குப் போறானா? அப்ப 29டி எடுத்துக் குடுத்துருங்க. 26-ல போனா பின்னாலதான் வருவான்."

கோவையில் சைக்கிள் கடைப் பக்கம் போனால் இந்தப் பேச்சு காதில் விழும். 29டி என்றால் 29 இஞ்ச் சக்கரம் பூட்டிய மலைப்பாதை வண்டி. கடைக்காரர் மட்டுமில்லை, பயிற்சி கொடுப்பவர்களும் ஞாயிறு காலையில் மருதமலை ரோட்டில் மிதிப்பவர்களும் இதையே சொல்கிறார்கள். பெரிய சக்கரம்தான் வேகம், உலகமே 29-க்குப் போய்விட்டது, மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான். மலைப்பாதைப் பந்தயத்தில் இன்று அதிகம் பேர் எதிர்த்துக் கேட்காத வாதம் இது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதி, ஆசையோடு வரும் பொள்ளாச்சி, கோபி, தாராபுரத்துப் பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. அந்தப் பாதியை மறுத்தே ஆக வேண்டும்.

உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். வழியில் ஒரு கல் குறுக்கிட்டால் பெரிய சக்கரம் அதன்மேல் சுலபமாக ஏறும். எவ்வளவு சுலபமாக? 6 சென்டிமீட்டர் உயரக் கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரோடு சேர்த்து 26 இஞ்ச் சக்கரத்தின் விட்டம் சுமார் 67 சென்டிமீட்டர், 29-க்கு சுமார் 73.5. கணக்குப் போட்டால் சிறியது ஏறக்குறைய 35 டிகிரிச் சரிவிலும் பெரியது 33 டிகிரிச் சரிவிலும் அந்தக் கல்லில் முட்டுகின்றன. வித்தியாசம் 2 டிகிரிகூட இல்லை. ஒன்றரை மணி நேரம் மூச்சைப் பிடித்து ஓட்டும் உலகக் கோப்பை வீரருக்கு அது கல்லுக்குக் கல் சேர்ந்து பெரிய லாபமாகும். முதல் வருஷம் பந்தயத்துக்கு வரும் பிளஸ் ஒன் மாணவனோ ஒரே ஒரு வளைவில் தப்பான இடத்தில் பிரேக் பிடித்தாலே அந்த லாபம் அத்தனையும் போய்விடும்.

29 வேண்டாம் என்கிற எதிர்த்தரப்பும் மிகைப்படுத்துகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பெரிய சக்கரம் கனம், மேட்டில் இழுக்காது என்பார்கள். ரிம்மிலும் டயரிலும் 300 கிராம் கூடுதல் என்றால், வேகமெடுக்கும்போது அது 600 கிராம் போலச் செயல்படும். ஆளும் வண்டியுமாக 75 கிலோ இருக்கும் இடத்தில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே.

அடுத்து, 29-ஐ ஆதரிப்பவர்கள் "லண்டனிலேயே நிரூபணமாகிவிட்டது" என்பார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக் மலைப்பாதைப் பந்தயத்தில் செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹாவி 29 இஞ்ச் வண்டியில் தங்கம் வாங்கினார். வெள்ளி வாங்கிய சுவிட்சர்லாந்தின் நீனோ ஷுர்ட்டர் ஓட்டியது 27.5. இதில் சொல்லாமல் விடுவது, இருவருக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு நொடி என்பதை. கடைசி வளைவில் குல்ஹாவி உள்ளே நுழைந்து முந்தினார், அவ்வளவுதான். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆஸ்திரியாவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் அதே ஷுர்ட்டர் அதே 27.5-இல் பட்டம் வென்றார். 2013-லும் 2015-லும் மறுபடி வென்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 29-க்கு மாறித் தங்கமும் எடுத்தார். எந்தச் சக்கரத்தைக் கொடுத்தாலும் அந்தக் காலும் அந்தத் தலையும் ஜெயித்திருக்கின்றன என்றுதான் இதிலிருந்து எனக்குப் புரிகிறது. இன்று உலகக் கோப்பையின் கிராஸ்-கன்ட்ரி பந்தயத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் 29-தான், மறுக்கவில்லை. நல்ல டயர், நல்ல ஷாக், புதிய ஃப்ரேம் வடிவம் எல்லாவற்றையும் கம்பெனிகள் அந்த அளவுக்கே செய்ய ஆரம்பித்துவிட்டதும் அதற்கு ஒரு காரணம். மலையிறக்கப் பந்தயத்திலோ கதை வேறு. இரண்டு சக்கரமும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற விதி 2019-இல் தளர்ந்ததும் முன்னால் 29, பின்னால் 27.5 என்று கலந்து பூட்ட ஆரம்பித்தார்கள். ஒரே அளவுதான் சரி என்றால் இந்தக் கலப்பு எதற்கு?

27.5 என்பது 26-க்கும் 29-க்கும் நட்டநடு என்பதும் தவறு. ரிம்மில் டயர் உட்காரும் இடத்து விட்டம் 26-க்கு 559 மில்லிமீட்டர், 27.5-க்கு 584, 29-க்கு 622. நடுவில் இருப்பது 26-க்குத்தான் பக்கம்.

இந்த மில்லிமீட்டர் கணக்கில் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பால் கேனும் தேங்காய் மூட்டையும் கட்டிக்கொண்டு கொங்கு நாட்டு இட்டேரிகளில் ஓடிய கறுப்பு 28 இஞ்ச் சைக்கிளின் ரிம் 635 மில்லிமீட்டர். இன்றைய 29-ஐவிட 13 மில்லிமீட்டர் பெரிசு! அதன் டயர் ஒல்லி, 29-இன் டயர் குண்டு. அதனால்தான் மொத்த உயரத்தில் 29 முந்துகிறது. பெரிய ரிம் என்பது வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய புதுமை இல்லை. வித்தியாசத்தைச் செய்தது டயர்.

கடையில் யாரும் பேசாத விஷயமும் அந்த டயர்தான். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்து ஓரமாக, கிளுவை வேலிக்கு நடுவே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் தெரியும். மேலே பொடிமண், அடியில் சுக்காங்கல், ஓரமெல்லாம் நெருஞ்சியும் வெள்வேலமுள்ளும். அங்கே ஒருவனைப் பந்தயத்திலிருந்து வெளியே தள்ளுவது சக்கர அளவு இல்லை, பங்க்சர். ரோட்டோரக் கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, விரல் இறங்காத வரைக்கும் காற்றடித்து அனுப்புவார்கள். தார் ரோட்டுக்கு அது சரி. சுக்காங்கல்லில் அந்த டயர் துள்ளும், மண்ணைப் பிடிக்காது. 50 கிலோ எடையுள்ள பையன், 2.2 இஞ்ச் அகல டயர், உள்ளே ட்யூப் என்றால் 30 பிஎஸ்ஐ ஒட்டி வைத்துத் தொடங்கலாம். ரொம்பக் குறைத்தால் கல் விளிம்பில் ரிம் இடித்து ட்யூப் கிழியும். தொட்டித் தண்ணீரில் முக்கும்போது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடத்தில் குமிழி கிளம்பினால் காற்றுக் குறைவு. ஒரே இடத்தில் கிளம்பினால் முள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்ட பையன், காற்றளவைத் தானே திருத்திக்கொள்வான். வண்டியை மாற்றச் செலவாகும் பணத்தில் ஒரு சின்னப் பங்கு போதும், நல்ல டயர் இரண்டும் பிரஷர் காட்டும் பம்ப் ஒன்றும் வாங்கிவிடலாம்.

இன்னொரு வாதம் எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. "வளர்ற புள்ளைதானே, பெரிசாவே எடுங்க" என்பது. 5 அடி உயரப் பெண்ணை 29 இஞ்ச் வண்டியில் ஏற்றுகிறார்கள். 29 என்பதாலேயே அது தப்பு என்று நான் சொல்லவில்லை. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் மலைப்பாதைப் பந்தயத்தில் தங்கம் வென்ற டாம் பிட்காக் 170 சென்டிமீட்டர்தான், அவர் ஓட்டியதும் 29-தான். ஆனால் அவருக்கு அவர் உடம்புக்கு அளந்த ஃப்ரேம் கிடைக்கிறது. நம் ஊரில் விலை குறைந்த 29-கள் பெரும்பாலும் ஒரே ஃப்ரேம் அளவில்தான் வருகின்றன. சீட்டை எவ்வளவு இறக்கினாலும் நிறுத்தும்போது கால் நுனிதான் தரையில் படுகிறது, பார் இடிக்கிறது, ஹேண்டில் எட்டாமல் முதுகு நீண்டு போகிறது. இரண்டு தடவை விழுந்த பிறகு அந்தப் பெண் மறுபடி வருவாளா? சரியான ஃப்ரேமில் 26 கொடுத்திருந்தால் வளைவைக் கற்றிருப்பாள்.

அந்த விலை குறைந்த 29-களையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஃப்ரேமில் பெரிய எழுத்தில் 29டி. ஃப்ரேம் இரும்பு. முன்ஷாக்கில் ஸ்பிரிங் மட்டும், அமுங்கியது திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்த உள்ளே எதுவும் கிடையாது. பந்தயத்துக்கு வேண்டியது எதுவும் அதில் இல்லை, சக்கரத்தின் அளவைத் தவிர. மேலும் 26 இஞ்ச் ட்யூபும் டயரும் அந்தியூரிலும் கிடைக்கும், உடுமலையிலும் கிடைக்கும். 29-க்கு அப்படிச் சொல்ல முடியாது. புதன்கிழமை டயர் கிழிந்து, சாமான் வர அடுத்த வாரம் ஆனால், அந்தப் பையனின் பயிற்சி அதோடு நின்றது.

அண்ணா பிறந்தநாளையொட்டி தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. இந்தியாவில் செய்த சாதாரண சைக்கிள்தான், கியர் கூடாது. அது ரோட்டுப் பந்தயம்தான். ஆனாலும் அங்கே யாருக்கு மூச்சு இருக்கிறது, யாருக்குக் கால் இருக்கிறது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். மலைப்பாதைக்கு ஆள் தேடும் பயிற்சியாளர்கள் அங்கே போய் நிற்கலாம். அங்கே ஜெயித்தவனிடம் "29 இருந்தா வா" என்று சொல்லி அனுப்புவது அநியாயம். 2023 அக்டோபரில் கேரளத்தின் பொன்முடியில் மலைப்பாதை சைக்கிள் ஆசியச் சாம்பியன் போட்டி நடந்தது. கோவையிலிருந்து ஒரு ராத்திரிப் பயணத் தொலைவுதான். அந்த உயரத்துக்கு ஒருவன் வளர்ந்தால் அவனுக்கு 29 தேவைப்படும், அப்போது வாங்கித்தரச் சங்கமோ புரவலரோ முன்வர வேண்டும். அதுவரைக்கும், ஊர்ப் பந்தயம் நடத்துகிறவர்கள் தொடக்கக் கோட்டில் சோதிக்க வேண்டியது பிரேக் பிடிக்கிறதா, ஹெல்மெட் சரியாக மாட்டியிருக்கிறதா, சக்கர நட்டு இறுகியிருக்கிறதா என்பதைத்தான்.