ரெண்டே நாள்ல ஏரோபிளேன் விடலாமாம்!

போன வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. பல்லு வெளக்கிட்டு இருக்கறப்பவே எதிர்வீட்டுப் பையன் வாசல்ல வந்து நின்னான். கையில ஒரு கட்டைப்பை. பைக்குள்ள ஒரு விமானம். விமானம்னு சொல்றது ஒரு மரியாதைக்குத்தான். உள்ள இருந்தது உடைஞ்ச தெர்மாகோல், வளைஞ்ச கம்பி, பாதி கரைஞ்சு போன ஒரு றெக்கை.

"அண்ணே, இத ஒட்ட முடியுமா?"

மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு. உள்ள வாடான்னு கூப்பிட்டு ஒக்கார வெச்சு கதையக் கேட்டேன். கேட்டதுலேர்ந்து வயிறு எரியுது. அந்த எரிச்சல்தான் மக்களே இந்தப் பதிவு.

பையன் மெக்கானிக்கல் ரெண்டாம் வருஷம். அவன் காலேஜுக்கு ஒரு கோஷ்டி வந்து "ரெண்டே நாளில் விமானம் செய்து பறக்க விடுங்கள்"னு ஒரு ஒர்க்‌ஷாப் நடத்தியிருக்கு. தலைக்கு 1,500 ரூபா. அஞ்சு பேருக்கு ஒரு விமானம். எல்லாத் துண்டும் முன்னாடியே வெட்டி வெச்சது. ஹாட் க்ளூ வெச்சு ஒட்ட வேண்டியது மட்டும்தான் பசங்க வேலை. ரெண்டாவது நாள் சாயங்காலம் கிரவுண்டுல அந்த கோஷ்டி ஆளே ரிமோட்ட கையில எடுத்து ரெண்டு ரவுண்டு விட்டுட்டு இறக்கிட்டார். கைதட்டல், குரூப் போட்டோ, சர்டிபிகேட், டாட்டா.

பையனுக்கு பைத்தியம் புடிச்சிருச்சு. அவங்கம்மா சீட்டுப் பணத்துலேர்ந்து 9,000 ரூபா குடுத்திருக்காங்க. அதே கோஷ்டிகிட்ட அதே கிட்ட வாங்கி, தனியா ஒட்டி, அபிஷேகப்பாக்கம் பக்கம் அறுவடை முடிஞ்ச வயல்ல கொண்டுபோய் தூக்கி எறிஞ்சிருக்கான். மூக்கு செங்குத்தா மேல போச்சு, ஒரு பக்கம் றெக்கை சரிஞ்சுது, தலைகுப்புற சொருகிடுச்சு. மொத்தம் நாலு செகண்டு. போன் பண்ணிக் கேட்டா, "உனக்கு கண்ட்ரோல் பத்தல தம்பி, புது பாடி 2,500 ரூபா, கூரியர் பண்ணட்டுமா?"ன்னு பதில்.

கண்ட்ரோல் பத்தலையாம்!

நான் அந்த மிச்சமீதிய செல்லோ டேப் போட்டு ஒண்ணா சேத்து, பேட்டரிய அது இருந்த எடத்துலயே வெச்சு, றெக்கைக்கு அடியில ரெண்டு விரலால தாங்கிப் பாத்தேன். றெக்கையோட முன்விளிம்புலேர்ந்து 8 சென்டிமீட்டர் தள்ளி பேலன்ஸ் ஆச்சு. றெக்கை அகலமே 20 சென்டிமீட்டர்தான். அதுல கால்வாசியிலேர்ந்து 30 சதவீதத்துக்குள்ள, அதாவது 5லேர்ந்து 6 சென்டிமீட்டருக்குள்ள எடை மையம் இருக்கணும். 8ல இருந்தா பின்பாரம். பின்பாரமான விமானத்த பத்து வருஷம் விட்டவனாலயே புடிக்கறது கஷ்டம். முன்பாரம்னா வண்டி மந்தமா போகும், இறங்குறப்ப வேகமா வரும், அவ்ளோதான். பின்பாரம்னா அது நம்ம பேச்சையே கேக்காது.

ஏன் பின்பாரம் ஆச்சு? ஒர்க்‌ஷாப்ல 3 செல், 2200 எம்.ஏ.எச். லிப்போ பேட்டரி போட்டிருக்காங்க. இவன் காசு மிச்சம் புடிக்க 1000 எம்.ஏ.எச். வாங்கியிருக்கான். கிட்டத்தட்ட 90 கிராம் கம்மி. மூக்குப் பக்கம் 90 கிராம் காணாமப் போனா வால் சும்மா இருக்குமா? பேட்டரிங்கறது கரண்டு குடுக்குற டப்பா மட்டும் இல்ல, தராசுல வெக்கிற படிக்கல்லும் அதுதான்னு ஒருத்தனும் அவனுக்குச் சொல்லல. சொல்றதுக்கு ரெண்டு நிமிஷம் போதும். ரெண்டு நாள்ல அந்த ரெண்டு நிமிஷம் இல்ல!

எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னா, நானும் அதே மாதிரி ஒரு சர்டிபிகேட் வாங்கினவன்தான். காலேஜ்ல. அத ரெஸ்யூம்ல போட்டு, இன்டர்வியூல "வாவ்" வாங்கி, இப்ப பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். அன்னிக்கு யாராவது "றெக்கைய எப்படி ஒட்டுவே?"ன்னு கேட்டிருந்தா முழிச்சிருப்பேன். அப்புறமா சொந்தமா ஆறு விமானத்தை மண்ணுல சொருகித்தான் விஷயம் தெரிஞ்சுது.

"ரெண்டு நாள்ல எல்லாத்தையும் சொல்லித்தர முடியுமா? பசங்களுக்கு ஒரு ஆர்வம் வரணும்ல?"னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆர்வம் வந்துச்சே, யாரு இல்லேன்னா? வந்த ஆர்வம் நாலு செகண்டுல செத்துப் போச்சுங்கறதுதான் என் வழக்கு. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யோட தக்‌ஷா அணி 2018ல ஆஸ்திரேலியா குயின்ஸ்லாந்துல நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில ரெண்டாவது எடம் புடிச்சாங்க. தல அஜித் ஆலோசகரா இருந்தார்னு எல்லாரும் ஷேர் பண்ணோம். அந்த எடத்துக்கு பின்னாடி அந்த வளாகத்துல பல வருஷ வேலை இருக்கு. அத ஒருத்தரும் ஷேர் பண்ணல. நமக்கு மேல போறது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொண்ணு. நம்ம ஊர்ல பிரெஞ்சுக் கொடி பறந்துட்டு இருந்த காலத்துல, 1871 ஆகஸ்ட் 18ஆம் தேதி, பாரிஸ்ல துய்லெரி தோட்டத்துல அல்போன்ஸ் பெனோன்னு ஒரு இருவத்தியோரு வயசுப் பையன் முறுக்கின ரப்பர் வெச்சு ஒரு மாடல் விமானம் விட்டான். 11 செகண்டு, சுமார் 40 மீட்டர். மோட்டார் கிடையாது, ரிமோட் கிடையாது. அப்புறம் எப்படி நேரா போச்சு? றெக்கை நுனிய லேசா மேல தூக்கி, வாலை ஒரு சின்ன கோணத்துல கீழ்ப்பாக்க வெச்சு, எடைய சரியான எடத்துல வெச்சான். மூக்கு தூக்கினா தானே இறங்கும், இறங்கினா தானே தூக்கும். அதே ஆளு வடிவமைச்ச ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மைதான் 1878ல ரைட் சகோதரர்கள் கைக்கு அவங்க அப்பா வாங்கிக் குடுத்தது. ஆக, இந்த விளையாட்டுக்கு ஆதாரமே பேலன்ஸ்தான். 150 வருஷத்துக்கு முந்தி தெரிஞ்ச சங்கதிய விட்டுட்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டப் பத்தி பவர்பாயிண்ட் போட்டா என்னத்த சொல்ல?

சரி, கரைஞ்சு போன றெக்கைக்கு வருவோம். விழுந்து உடைஞ்சதும் பையன் என்ன பண்ணியிருக்கான்? ஃபெவிக்விக் ஊத்தியிருக்கான். தெர்மாகோல்ல அந்த ஜாதி பசைய ஊத்தினா ஆசிட் ஊத்தின மாதிரி தின்னுடும். ரப்பர் சொல்யூஷனும் அப்படித்தான். தெர்மாகோலுக்கு சாதா ஃபெவிகால், இல்லேன்னா அரால்டைட். ஃபெவிகாலுக்கு ஒரு ராத்திரி பொறுக்கணும், அரால்டைட்ட கொஞ்சமா தடவணும், ஏன்னா அது கனம். ஹாட் க்ளூ சீக்கிரம் புடிக்கும், ஒத்துக்கறேன். ஆனா மே மாச வெயில்ல கண்ணாடி ஏத்தின கார்ல அந்த விமானத்த ரெண்டு மணி நேரம் வெச்சுட்டு வந்து பாருங்க, மோட்டார் மவுண்ட்டு இளகி தலைய தொங்கப் போட்டுருக்கும். இது நம்ம ஊருக்கான பாடம். வெளிநாட்டு வீடியோல வராது.

கடலோரத்துல குடியிருக்கறவன் கதையே தனி. நல்லவாடு கடற்கரை எங்க வீட்டுலேர்ந்து கூப்பிடு தூரம். உப்புக்காத்துல மோட்டார் பேரிங் துரு புடிக்கும், சர்வோ கனெக்டர் பச்சை பூக்கும். பறக்கறப்ப ஒரு செகண்டு தொடர்பு விட்டாக்கூட வண்டி காலி. பறக்கவிட்டு வந்ததும் உலர்ந்த துணியால தொடைச்சு, பேரிங்ல தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, செருப்பு டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட சேத்து மூடி வெச்சா போதும். மணல்ல இறக்காதீங்க. மோட்டார்ல இருக்கற காந்தம் மணல்ல இருக்கற இரும்புத் துகளை எல்லாம் இழுத்து வெச்சுக்கும். அறுத்த வயல்தான் பெஸ்ட். தாள் மெத்தை மாதிரி தாங்கும். நேரம் காலை ஆறுலேர்ந்து எட்டுக்குள்ள. பதினோரு மணிக்கு மேல கடக்காத்து கெளம்பிட்டா புது ஆளு ரிமோட்டத் தொடவே கூடாது.

லிப்போ பேட்டரி பத்தி அந்த கோஷ்டி சொன்னது "ஃபுல்லா சார்ஜ் போட்டு எடுத்துட்டு வாங்க" மட்டும்தானாம். இது விளையாட்டு இல்ல சாமிகளா, தீப்புடிக்கிற சமாச்சாரம். செல்லுக்கு 4.2 வோல்ட்டு தாண்டக் கூடாது, 3.5க்கு கீழ இறங்க விடக் கூடாது, வாரக்கணக்குல சும்மா வெக்கிறதா இருந்தா 3.8ல வெக்கணும். 2200 பேட்டரின்னா 2.2 ஆம்பியர்ல சார்ஜ் போடணும், அதுவும் நாம முழிச்சிருந்து பாத்துட்டு இருக்கறப்ப. உப்பிப் போனா தூக்கிப் போட யோசிக்காதீங்க, குத்திப் பாக்காதீங்க. பையன் ராத்திரி சார்ஜ் போட்டுட்டு தூங்கியிருக்கான். அவங்கம்மாவும் தங்கச்சியும் படுக்கற அதே ரூம்ல. இதக் கேட்டப்ப எனக்கு நெசமாவே கை நடுங்கிச்சு. 1,500 ரூபா வாங்குனவங்க இத ஒரு பேப்பர்ல அச்சடிச்சாவது குடுத்திருக்க வேணாமா?

அப்புறம் இன்னொரு கோஷ்டி இருக்கு, அவங்களயும் விடறதா இல்ல. "எதுக்குப்பா வெட்டி ஒட்டிக்கிட்டு, ரெடிமேடா வாங்கு, கீழ விழுந்தா வேற வாங்கு"ங்கற பெரிய மனுஷங்க. நேரம் இல்லாதவங்க ரெடிமேட் வாங்கறதுல எனக்கு ஆட்சேபம் இல்ல, அந்த ஈ.பி.ஓ. ஃபோம் உண்மையிலயே நல்லா தாங்கும். ஆனா அதையே படிக்கிற பசங்ககிட்ட அறிவுரையா சொல்லாதீங்க. ஸ்டேஷனரி கடையில ஃபோம் போர்டு கெடைக்குது. விளம்பரப் பலகை செய்யற கடையில சன்பேக் ஷீட் வெட்டுத்துண்டு கேட்டா சும்மாவே குடுக்கறாங்க. றெக்கை முதுகெலும்புக்கு மூங்கில் சீவின குச்சி, சக்கரக் காலுக்கு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. மோட்டார், ஈ.எஸ்.சி., சர்வோ, ரிமோட் மட்டும்தான் காசு. அது நாலு உடம்பு மாறினாலும் கூடவே வரும். ஒரு மீட்டர் றெக்கை, 20 சென்டிமீட்டர் அகலம், மொத்தம் 700 கிராமுக்குள்ள இருந்தா சதுர டெசிமீட்டருக்கு 35 கிராம். ஆரம்பக்காரனுக்கு அம்சமா பறக்கும். மொத ஆறு மாசத்துக்கு ஜெட்டு, போர் விமானம்னு ஆசைப்படாம இருந்தா சரி.

சட்டம் பத்தியும் அந்த ரெண்டு நாள்ல மூச்சு விடலையாம். 2021 ட்ரோன் விதிகள் நம்ம மாடல் விமானத்தையும் சேத்துத்தான். 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ. காசுக்காக இல்லாம விடற மைக்ரோவுக்கு பைலட் சர்டிபிகேட் வேணாம். ஆனா விமான நிலைய எல்லையிலேர்ந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள்ள இருந்தா, 200 அடிக்கு மேல போக அனுமதி வாங்கணும். தவளக்குப்பத்துலேர்ந்து லாஸ்பேட்டை ஏர்போர்ட்டு நேர்கோட்டுல பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்தான் வரும். அதனால டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல உங்க வயல் எந்த மண்டலத்துல வருதுன்னு பாத்துட்டு கெளம்புங்க. 200 அடிக்குள்ள விடறதுதான் கண்ணுக்கும் நல்லது. அதுக்கு மேல போனா வண்டி நம்மள நோக்கி வருதா, விலகிப் போகுதான்னே தெரியாது.

அடுத்த ஆறு நாளும் ஆபீஸ் ஆணிய முடிச்சுட்டு ராத்திரில நானும் பையனும் ஒக்காந்தோம். நான் ஒட்டித் தரலை. அவனத்தான் ஒட்ட வெச்சேன். கரைஞ்ச றெக்கைய தூக்கிப் போட்டுட்டு ஃபோம் போர்டுல புதுசு வெட்டினான், மூங்கில் குச்சி சொருகினான். புது பேட்டரிக்கு காசு இல்ல. நல்லவாட்டுல வலை கட்டுற ஒருத்தர்கிட்ட கேட்டு ஈயக்குண்டு வாங்கிட்டு வந்தான். மோட்டாருக்கு ஒட்டின மாதிரி, பேட்டரிக்கும் முன்னாடி வெச்சதால 60 கிராமே போதுமா இருந்துச்சு. விரல்ல தாங்கிப் பாத்தா 5.5. சேஃப்டிக்கு புரொப்பெல்லர கழட்டி வெச்சுட்டு, குச்சிய வலது பக்கம் தள்ளினா வலது அய்லரான் மேல தூக்குதான்னு அவனயே பாக்கச் சொன்னேன். ரிமோட்ட மொதல்ல ஆன் பண்ணி, விமானத்த அப்புறம் ஆன் பண்ணணும், அணைக்கறப்ப தலைகீழ். ரிமோட்ட அணைச்சுப் பாத்து மோட்டார் தானா நிக்குதான்னும் சோதிச்சோம். நிக்கல! ஃபெயில்சேஃப் செட்டே பண்ணாம குடுத்திருக்காங்க புண்ணியவானுங்க. அதையும் சரி பண்ணோம்.

இந்த ஞாயிறு காலைல ஆறரைக்கு அதே வயல். காத்துக்கு எதிரா நான் தூக்கி எறிஞ்சேன், ரிமோட் அவன் கையில. மூணு நிமிஷம் பறந்துச்சு. நடுவுல ஒரு தடவ நம்மள நோக்கி திரும்பறப்ப இடது வலது கொழம்பி சரிஞ்சுது. "எந்த றெக்கை தாழுதோ அந்தப் பக்கம் குச்சியத் தள்ளுடா"ன்னு கத்தினேன், புடிச்சுட்டான். ஒரு கருடன் வேற வந்து ரெண்டு சுத்து கூடப் பறந்து, ஒண்ணும் தேறாதுன்னு போயிடுச்சு :-)

இறங்கறப்ப மூக்கு குத்தி புரொப்பெல்லர் ஒண்ணு உடைஞ்சுது. நான் எட்டி நடக்கறதுக்குள்ள பையன் பேட்டரி பிளக்க கழட்டிட்டு, பைக்குள்ளேர்ந்து வேற புரொப்பெல்லர எடுத்து மாட்டிக்கிட்டு இருந்தான்.