மடியில் கனம்

எனக்குப் பத்து வயது மூத்த நண்பர் ஒருவர் இருக்கிறார். மேலூர்ப் பக்கம் நிலம், மதுரையில் வீடு. நாலு பேருக்கு நல்லது செய்கிறவர். இரண்டு பேர் சண்டை போட்டால் நடுவில் போய் நின்று விலக்கிவிடுகிறவர். போன மாதம் ஒரு மாலை வடக்கு மாசி வீதியில் அவரோடு காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பேச்சு கோயில் குளம் என்று போயிற்று. சட்டென்று குரலைத் தாழ்த்தி, இடுப்பு வேட்டி மடிப்பைத் தொட்டுக் காட்டினார்.

"இது இல்லாம இப்பல்லாம் நான் கோயிலுக்குப் போறதில்லை, தம்பி."

விபூதிப் பையாக இருக்கும் என்று நினைத்தேன். துப்பாக்கி!

"லைசென்ஸ் இருக்கு. பயப்படாதீங்க" என்றார்.

"அது சரி, அண்ணே. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எப்படி இதோடு போவீர்கள்? வாசலிலேயே சோதனை போடுகிறார்களே?"

"அதனாலதான் அங்கே போறதையே குறைச்சுக்கிட்டேன். ஊர்ப்பக்கத்துக் கோயில்களுக்குப் போறேன். அங்கே யாரும் கேக்கறதில்லை."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. துப்பாக்கியை விட மனமில்லாமல் அம்பாளை விட்டுவிட்ட மனிதரைப் பார்த்து நானும் சிரித்திருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகு அதை எண்ணி வருந்தினேன், கோபமும் வந்தது. அந்தக் கோபத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அவர் பயம் வெறும் பிரமை அல்ல. 2002 செப்டம்பரில் காந்திநகர் அக்ஷர்தாம் கோயிலுக்குள் புகுந்த இருவர் முப்பதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். கடல் தாண்டினால், 1990 ஆகஸ்டில் காத்தான்குடியில் இரவுத் தொழுகையில் இருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பள்ளிவாசல்களிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2012-இல் அமெரிக்காவில் ஓக் கிரீக் என்ற ஊரில் சீக்கியர்களின் குருத்வாராவுக்குள் ஒருவன் புகுந்து சுட்டான். குனிந்து வணங்குகிற மனிதன் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறான். அவனைக் கொல்வது சுலபம். இதை அறிந்துதான் கொலைகாரன் கோயிலைத் தேடி வருகிறான்.

"அந்த இடத்திலே நல்லவன் ஒருத்தன் கையிலே துப்பாக்கி இருந்திருந்தா?" என்று கேட்டார் நண்பர். ஏதோ பெரிய தர்மசங்கடத்தில் என்னை மாட்டிவிட்டது போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

நல்லவன் கையில் துப்பாக்கி இருந்த இடத்தின் கதையும் நமக்குத் தெரியும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தில் உரிமம் பெற்றவர்கள் தேவாலயத்துக்குள் துப்பாக்கியோடு போகலாம் என்று 2019-இல் சட்டத்தைத் தெளிவாக்கினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி ஒயிட் செட்டில்மென்ட் என்ற ஊர்த் தேவாலயத்தில் ஒருவன் துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். சபையின் காவலுக்கென்று நின்ற தொண்டர் ஒருவர் அவனைத் திருப்பிச் சுட்டு வீழ்த்தினார். ஆறே விநாடியில் எல்லாம் முடிந்தது. அவர் செய்தது வீரம்தான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஆறு விநாடிக்குள் இருவர் செத்துப்போனார்கள். அதில் ஒருவர், தம்முடைய துப்பாக்கியை எடுக்கப்போன இன்னொரு காவல் தொண்டர். சுட்டு வீழ்த்தியவரோ வழியில் போகிறவர் அல்ல; துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர். அத்தனை பயிற்சி இருந்தும், பெஞ்சு போட்டு வரிசையாக உட்காருகிற சபையில் கிடைத்த வெற்றி இவ்வளவுதான்.

என் நண்பர் வருஷத்துக்கு ஒரு முறை கூடத் துப்பாக்கியைச் சுட்டுப் பழகியது இல்லை. நம்முடைய கோயிலில் பெஞ்சும் கிடையாது. பிரதோஷத்தன்று நந்திக்கு முன்னால் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், கையை உயர்த்திக் கும்பிட்டால் அடுத்தவர் முகத்தில் முழங்கை இடிக்கும். அந்த நெரிசலில் வேட்டி மடிப்பை விலக்கி, குறி பார்த்து, குழந்தையின் தலைக்கும் கிழவியின் தோளுக்கும் நடுவே சுடப்போகிறாரா இவர்? சுட்டுவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த நிமிஷம் ஓடி வருகிற போலீஸ்காரனுக்கு, கையில் துப்பாக்கியோடு நிற்கிற இருவரில் எவன் பாதகன், எவர் பக்தர் என்று யார் சொல்வார்கள்? நெற்றியில் விபூதி இருவருக்கும் இருக்கலாமே!

குண்டு பட வேண்டும் என்பது கூட இல்லை. சத்தம் ஒன்றே போதும். 2008 ஆகஸ்டில் இமாசலப் பிரதேசத்து நைனாதேவி கோயிலில், மலை சரிகிறது என்று யாரோ கிளப்பிய வதந்தியில் ஜனங்கள் ஓடி, நெரிசலில் நூற்று நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் ஊரிலேயே 2022 சித்திரையில், அழகர் வைகையில் இறங்கியபோது கூட்ட நெரிசலில் இரண்டு உயிர்கள் போயின. 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு மீனாட்சியம்மன் கோயிலில் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்ததே, அதைக் கொளுத்தியவன் எந்தத் தீவிரவாதி? கோயிலுக்குள் இருந்த கடைகளில் பிடித்த தீ அது. நூற்றாண்டுகள் நின்ற கல்தூண்கள் வெடித்து விழுந்தன. இடுப்பில் எத்தனை துப்பாக்கி இருந்தாலும் நெருப்பைச் சுட முடியாது. நம்முடைய கோயில்களில் உயிரைக் குடிக்கிற எமன் பெரும்பாலும் கூட்டத்திலும் நெருப்பிலும்தான் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குக் காவல் போடாமல் மடியில் இரும்பைச் சுமப்பது, திண்ணைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது போன்ற காரியம்.

"சட்டம் அனுமதிக்குதே" என்றார். அதுவும் முழு உண்மை அல்ல. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை ஒட்டி 1962-இல் வந்த விதிகளில், உரிமப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை அச்சிட்டிருந்தார்கள். மாஜிஸ்திரேட்டின் தனி அனுமதி இல்லாமல் சந்தைக்கோ, சமய ஊர்வலத்துக்கோ, மற்றப் பொதுக்கூட்டங்களுக்கோ ஆயுதத்தைக் கொண்டுபோகக் கூடாது என்பது அது. லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டத் தெரிந்தவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

சட்டத்தை விடுங்கள். இந்த மண்ணின் வழக்கம் என்ன? மதுரையிலிருந்து எந்தத் திசையில் போனாலும் ஊர் எல்லையில் அரிவாள் தெரியும். ஐயனாரும் கருப்பனும் ஆயுதம் இல்லாத தெய்வங்கள் அல்லவே! அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பன் வாசலில் ஆள் உயர அரிவாள்களை நேர்ந்து வைக்கிறோம். இரவு நடை சாத்தியதும் பெருமாள் கோயிலின் சாவி அந்தக் கருப்பன் சந்நிதியில்தான் இருக்கும் என்பது வழிவழியாக வருகிற பேச்சு. நகைநட்டெல்லாம் அவன் பொறுப்பு. ஆனால் அவன் எங்கே நிற்கிறான் என்று கவனியுங்கள். வாசலில் நிற்கிறான். அவன் அரிவாள் வானத்தைப் பார்த்து, எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கிறது. காவல்காரனின் ஆயுதம் எல்லையில் இருக்க வேண்டும், வெளிப்படையாக இருக்க வேண்டும், அவன் யார் என்று ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம்முடைய பாட்டன்மார் படிக்காமலே கண்ட மூன்று விதிகள் இவை. இடுப்பில் அரிவாளை ஒளித்துக்கொண்டு கர்ப்பகிருகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவனை அவர்கள் கருப்பன் என்று கும்பிட்டிருக்க மாட்டார்கள். கட்டி வைத்து உதைத்திருப்பார்கள்.

ஒளித்து வைத்த ஆயுதம் எப்போதும் கொலைகாரனுடைய ஆயுதமாகவே இருந்திருக்கிறது. 2005-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில், மட்டக்களப்பு மரியன்னை பேராலயத்துக்குள் ஜோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டார்கள். 2008-ஆம் வருஷம் புத்தாண்டுக் காலையில், கொழும்புக் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் கும்பிட வந்த மகேஸ்வரனைச் சுட்டார்கள். இருவரும் நாடாளுமன்ற உறுப்பினர்கள், இருவரும் தமிழர்கள். மகேஸ்வரன் பக்கத்தில் ஆயுதம் தாங்கிய மெய்க்காவலர் இருந்தார், திருப்பியும் சுட்டார். மகேஸ்வரன் பிழைக்கவில்லை. சாமி கும்பிட வந்த மற்றவர்களும் காயப்பட்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? தல்லாகுளத்தில், ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கிற காந்தி மியூசியத்துக்குப் போய்ப் பாருங்கள். 1948 ஜனவரி 30-ஆம் தேதி காந்தி உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. பிரார்த்தனைக்கு நடந்துபோன கிழவரை, மறைத்துக் கொண்டுவந்த கைத்துப்பாக்கியால் மூன்று முறை சுட்டதில் படிந்த கறை அது. அதற்குப் பத்து நாள் முன்புதான் அதே பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்திருந்தது. வருகிறவர்களைச் சோதனை போட வேண்டும் என்று படேல் மன்றாடினார். காந்தி இணங்கவில்லை. சாதாரண உடையில், துப்பாக்கியோடு, கூட்டத்தில் கலந்து நிற்கப் போலீஸ்காரர்களை மட்டும் அனுப்பினார்கள். அந்த மறைந்த துப்பாக்கிகள் ஒன்றும் செய்யவில்லை. சுட்டவனைப் பிடித்து மடக்கியது அங்கே நின்றவர்களின் கைகள்தான்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சோதனை வேண்டாம் என்ற விஷயத்தில் நான் காந்தி பக்கம் இல்லை, படேல் பக்கம். தம்முடைய உயிரைப் பணயம் வைக்க மகாத்மாவுக்கு உரிமை இருந்தது. ஆயிரம் பேர் உயிரைப் பணயம் வைக்கக் கோயில் நிர்வாகத்துக்கு உரிமை இல்லை. ஆகவே வாசலில் சோதனை போடட்டும், பையைப் பிரிக்கட்டும். 2018 மார்ச் முதல் மீனாட்சியம்மன் கோயிலில் கைப்பேசியை வெளியே வாங்கி வைக்கிறார்கள், சீட்டுக் கொடுக்கிறார்கள். நானும் கொடுத்துவிட்டுத்தான் போகிறேன். ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் பொற்றாமரைப் படியில் உட்கார்ந்திருப்பது சுகமாகவே இருக்கிறது. கைப்பேசிக்குச் சீட்டு உண்டென்றால் துப்பாக்கிக்கும் ஒரு சீட்டுப் போட்டால் என்ன? எல்லாக் கோயில் வாசலிலும் போலீஸ் சாவடியில் அதை வாங்கி வைக்க ஏற்பாடு செய்யட்டும்.

ஆனால் அந்தச் சோதனை எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஒரு பெரிய கோயில், பெயர் வேண்டாம். எனக்கு முன்னால் ஒரு பாட்டியின் சுருக்குப் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். வெற்றிலை, பாக்கு, ஒரு பாக்குவெட்டி. "இது இரும்பு, உள்ளே விட முடியாது ஆத்தா" என்றாள் பெண் போலீஸ். பாட்டி எதிர்த்துப் பேசவில்லை. "நீயே வச்சுக்க தாயி, வரும்போது வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அப்போது பக்கத்து வழியில் ஒரு பெரிய மனிதர் போனார். அவரோடு நாலு பேர், சட்டை இடுப்பில் உப்பியிருந்தது. உப்பியிருந்தது பாக்குவெட்டி அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் தடுக்கவில்லை. சந்தனமும் மாலையும் அவர்களுக்கு முன்னால் ஓடின.

1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயில் வாசலைத் தாண்டினார். அதுவரை அந்த வாசல் மனிதனைப் பிறப்பால் சோதித்தது. எல்லோருக்கும் திறக்காத கோயிலுக்குள் நுழையேன் என்றிருந்த காந்தியும் 1946-இல்தான் உள்ளே போனார். அவ்வளவு பாடுபட்டுத் திறந்த வாசலில், பாக்குவெட்டி ஒரு சாதி, கைத்துப்பாக்கி ஒரு சாதி என்று புதிதாகப் பிரிக்கிறோமா? பெரிய மனிதரின் மெய்க்காவலன் உடுப்போடு வரட்டும்; துப்பாக்கி கண்ணுக்குத் தெரியட்டும்; கொடிமரத்தோடு அவன் நிற்கட்டும். அதற்கு மேல் அம்பாளிடம் தனியாகப் போகத் தைரியம் இல்லாதவர், வீட்டிலேயே படம் மாட்டிக் கும்பிடலாம்.

மீதிக் காவலை அங்கேயே உட்கார்ந்திருக்கிற ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள். பூக்கட்டுகிறவள், செருப்புக்குக் காவல் இருக்கிறவன், யானைப் பாகன், தினமும் வருகிற பென்ஷன்காரர், இவர்களுக்குத் தெரியாமல் ஒரு புது முகம் ஆடி வீதியைச் சுற்ற முடியுமா? சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது, நெருப்பு வந்தால் எந்த வாசலைத் திறப்பது என்று இவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒரு துப்பாக்கிக்கு ஆகிற செலவு கூட ஆகாது.

அன்றைக்கு நண்பரைப் பிரிகிறபோது ஒரு கேள்வி கேட்டேன். "அண்ணே, துப்பாக்கி வைத்துக்கொண்டு கும்பிடுகிறபோது என்ன நினைத்துக்கொள்வீர்கள்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பின்னால நிக்கிறவன் யாருன்னு நினைச்சுக்கிட்டே இருப்பேன்" என்றார்.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்று சொல்லி வைத்தார்கள். அந்தக் கனத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள், அண்ணே. அம்பாளைப் பார்த்து வெகு நாளாயிற்று என்றீர்களே. வெள்ளிக்கிழமை மாலை நானும் வருகிறேன். உங்கள் பின்னால் நான் நிற்கிறேன்.