ஒரு வவுச்சர், 45 புத்தகம்

மோட்டார் பெட்டியைப் பிரித்ததும் தெர்மகோலோடு சேர்த்துப் பரணில் எறிகிறீர்களே ஒரு சின்னப் புத்தகம், அதையும் ஓர் ஆத்மா உட்கார்ந்து எழுதுகிறது. சில மாதங்களாக அந்த ஆத்மா அடியேன். கோவைப் பக்கம் ஒரு பம்பு கம்பெனி. (பெயர் வேண்டாம். செக் இன்னும் வரவில்லை.)

பம்பில் ஐந்து மாடல். தமிழ், இங்கிலீஷ், இந்தி என்று மூன்று பாஷை. அச்சுப் புத்தகம், பெட்டியில் ஒட்டும் தாள், இணையப் பக்கம் என்று மூன்று அவதாரம். பெருக்குங்கள், 45 ஃபைல்! எல்லாமே ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்தவை.

ஒருநாள் இன்ஜினீயர் வந்தார். "ஸார், ஆழமான போருக்கு 2.5 சதுர மி.மீ. கேபிள் பத்தாது. 4-னு மாத்திடுங்க."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். 44-ல் மாற்றி ஒன்றை விட்டால்? அந்த ஒன்றைப் படிக்கிற விவசாயி மெல்லிசு கேபிளைப் போடுவார். வோல்டேஜ் இறங்கும், மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும், காயில் கருகும். கடலை காய்கிற நேரத்தில் அவரிடம் போய் 'அச்சுப் பிழை' என்று சொல்ல முடியுமா?

நான் பி.காம். டாலியில் ஒரு வவுச்சரை ஒரே தடவை போட்டால் லெட்ஜர், டிரயல் பாலன்ஸ், பாலன்ஸ் ஷீட் எல்லாவற்றிலும் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். வாக்கியத்துக்கும் அப்படி ஒரு வழி கிடையாதா?

உண்டு. 1969-லேயே ஐ.பி.எம்.மில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்ற மூவர் ஜி.எம்.எல். என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். (மூவரின் முதலெழுத்து. பார்ட்னர்ஷிப் கடைக்குப் பெயர் வைப்பது மாதிரி!) 'இது தலைப்பு', 'இது எச்சரிக்கை' என்று மட்டும் குறித்து வை, சட்டை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்பது சித்தாந்தம். 1998-ல் வந்த எக்ஸ்.எம்.எல். அதன் வம்சம்தான்.

கம்பெனிக்காக மூன்று சாதனங்களைப் பார்த்தேன். ஃப்ரேம்மேக்கர், ஆயிரம் பக்கப் புத்தகங்களைச் சுமக்கும் பழைய யானை. யூனிகோடே 2007-ல்தான் அதற்கு வந்தது. அடுத்தது, 2005-ல் தரமாக அறிவிக்கப்பட்ட டிட்டா. விஷயத்தைத் துண்டு துண்டாக எழுதி, வேண்டிய இடத்தில் கோத்துக்கொள்வது. பிரமாதம், ஆனால் மூன்று பேர் சாப்பிடக் கல்யாண அண்டா. மூன்றாவது அஸ்கிடாக். வெறும் எழுத்து ஃபைல், காசில்லை. ஒரு ஃபைலுக்குள் இன்னொன்றை இழுக்கலாம், 'இந்த மாடலுக்கு மட்டும்' என்று நிபந்தனையும் போடலாம்.

டெமோவில் எல்லாமே அழகுதான். ஆகவே மூன்று பரீட்சை வைத்தேன்.

ஒன்று: 'கொ' என்று அடித்து பி.டி.எஃப். எடுத்தால் கொம்பும் காலும் தனித்தனியாக ஓடுகிறதா?

இரண்டு: பெயர் மாற்றம். இங்கிலீஷில் பம்பு இருந்த இடத்தில் மோட்டார் என்று போட்டால் வாக்கியம் கம்மென்று இருக்கும். தமிழில் வேற்றுமை உருபு விடாது. பம்பு 'பம்பை' ஆகும். மெஷினோ 'பம்புஐ' என்று கக்கும். எனவே தமிழில் சொல்லை மாற்றக் கூடாது, முழு வாக்கியத்தையே மாற்ற வேண்டும்.

மூன்று: "நாளைக்கு உங்களை விட்டுப் போனால் என் எழுத்தை எதில் கொடுப்பீர்கள்?" ஒரு விற்பனையாளர், பெண் பார்க்க வந்த இடத்தில் ஜீவனாம்சம் பற்றிக் கேட்டதுபோல் பார்த்தார்.

அஸ்கிடாக் பாஸ். கேபிள் அளவு இப்போது ஒரே இடத்தில் இருக்கிறது. அங்கே மாற்றினால் 45-லும் மாறும்.

அதில்தான் ஆபத்தும். அங்கே தப்பாக அடித்தால் 45-லும் தப்பு! தப்பு வவுச்சர் போட்டாலும் பாலன்ஸ் ஷீட் என்னவோ டாலி ஆகத்தான் செய்யும். அதனால் அந்த ஒரு ஃபைலை இன்ஜினீயர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அச்சுக்கு அனுப்புகிறோம். 45 புத்தகத்தை நீட்டினால் எந்த இன்ஜினீயரும் டீ குடிக்கப் போய்விடுவார். ஒன்றை நீட்டினால் டீயோடு உட்கார்ந்து படிக்கிறார்.