எஃப்6-ஐ அழுத்தாதே மச்சி!

பீரோ சாவியைப் 'பத்திரமான இடத்துல' வெச்சுட்டு, அந்தப் பத்திரமான இடம் எதுன்னு வீட்டையே புரட்டிப் போட்ட அனுபவம் உண்டா? எனக்கு அது கீபோர்டுல நடந்துச்சு. சேதாரம்... மூணு ஃபைல், ஒரு ராத்திரித் தூக்கம்!

போன செமஸ்டர், மினி ப்ராஜெக்ட். நான் கோட் அடிக்கிறது விம் எடிட்டர்ல. எந்த கீயை அழுத்தினா என்ன நடக்கணும்னு அதுல நாமே முடிவு பண்ணலாம். 'விம்ஆர்சி'ங்கற ஃபைல்ல ஒரு வரி எழுதினா போதும். விடுவேனா? எழுதித் தள்ளிட்டேன். எஃப்5 அழுத்தினா புரோகிராம் ரன் ஆகும். எஃப்6? அது ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு வெச்சது. சொதப்பின கோடை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு, கிட்-ல கடைசியா கமிட் பண்ணின இடத்துக்கே திரும்பிடும். ஒரே அழுத்து, எல்லாம் க்ளீன்! அப்புறம் அப்படி ஒண்ணு வெச்சதையே மறந்துட்டேன்.

ரிவ்யூவுக்கு முந்தின நாள் ரூம்மேட்டோட லேப்டாப் மண்டையைப் போட்டுடுச்சு. என் லேப்டாப்ல உட்கார்ந்து, மதியத்துலேர்ந்து மூணு ஃபைலைத் திருத்தி முடிச்சு, சேவ் பண்ணிட்டு நாலாவதைத் திறந்திருந்தான். கமிட் மட்டும் பண்ணலை. "மச்சி, ரன் பண்ண எந்த கீடா?"ன்னு கேட்டான். மெஸ்ஸுக்கு ஓடற அவசரத்துல, "எஃப்5-ஓ எஃப்6-ஓ... அழுத்திப் பாருடா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்.

அழுத்திப் பார்த்துட்டான்.

விம்-ல திறந்திருந்த நாலாவது ஃபைல் மட்டும் மெமரியில இருந்ததால தப்பிச்சது. மத்த மூணும் காலையில இருந்த நிலைமைக்கே போயிடுச்சு. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. "நீ வெச்ச கீ உனக்கே தெரியாதாடா?"ன்னு மட்டும் கேட்டான். பதில் சொல்ல வாய் வரலை. ரெண்டு பேரும் விடிய விடியத் திரும்ப அடிச்சோம்.

இந்தக் கூத்து நமக்கு மட்டும் இல்லை பாஸ். 1970-கள்ல எம்.ஐ.டி-யிலேயே நடந்திருக்கு. (குரோம்பேட்டை இல்லீங்க... அமெரிக்காவுல இருக்கிற மாசசூசெட்ஸ்!) அங்கே செயற்கை நுண்ணறிவு லேப்ல 'டீகோ'ன்னு ஒரு எடிட்டர். ஆளாளுக்கு சொந்தமா மேக்ரோ எழுதி, அவங்கவங்க இஷ்டத்துக்கு கீ வெச்சுக்கிட்டாங்க. ஒருத்தர் செட்டப்ல இன்னொருத்தர் உட்கார்ந்தா, திருவிழாவுல தொலைஞ்ச குழந்தைதான்! சிதறிக் கிடந்த அந்த கமாண்டுகளை ஒரே வரிசைக்குக் கொண்டுவர்ற வேலையை கை ஸ்டீல் ஆரம்பிச்சார். ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை வளர்த்தெடுக்க, 1976-ல் பிறந்ததுதான் ஈமேக்ஸ். தன்னைத் தானே விளக்கிச் சொல்ற எடிட்டர்ங்கறதுதான் அதோட பெருமையே. இன்னிக்கும் அதுல கண்ட்ரோலோட எச், அடுத்து கே அழுத்திட்டு, எந்த கீயைத் தொட்டாலும் 'நான் இதைச் செய்வேன்'னு விளக்கம் வந்து நிக்கும்.

நம்ம செட்டப்பையும் அப்படிப் பேச வைக்கலாம். அடிபட்டவன் சொல்றேன், கேட்டுக்கோங்க...

* ஒவ்வொரு ஷார்ட்கட்டுக்கும் மேலே ஒரு கமென்ட். கீ என்ன செய்யும், எதுக்காக வெச்சோம், எப்போ தொடக் கூடாது... இந்த மூணும் அதுல இருக்கணும். தனி நோட்டுல எழுதினா நோட்டு தொலையும். அதே ஃபைல்ல எழுதினா, ஃபைல் போற இடமெல்லாம் விளக்கமும் கூடவே போகும்.

* விம்-ல டபுள் கோட்ஸ் குறியோட தொடங்கற வரி கமென்ட். ஆனா, ஷார்ட்கட் இருக்கிற வரியோட கடைசியில அதைப் போட்டுடாதீங்க. கமென்ட்டையும் ஷார்ட்கட்டோட சேர்த்து விழுங்கிடும். மேல் வரியில தனியா எழுதறதுதான் சேஃப்.

* விஎஸ் கோட் கோஷ்டியா? கண்ட்ரோல் கே, கண்ட்ரோல் எஸ் அழுத்தினா ஷார்ட்கட் லிஸ்ட் முழுசா வரும். நீங்க மாத்தினது மட்டும் கீபைண்டிங்ஸ் ஜேசான் ஃபைல்ல இருக்கும். பொதுவா ஜேசான்ல கமென்ட் எழுத முடியாது. ஆனா, இந்த ஃபைல்ல ரெண்டு சாய்வுக்கோடு போட்டுத் தாராளமா எழுதலாம்.

* ஏற்கெனவே வெச்சதெல்லாம் மறந்துபோச்சா? விம்-ல கோலன் போட்டு 'வெர்போஸ் மேப்'னு அடிங்க. எந்த கீ என்ன செய்யுது, எந்த ஃபைல்லேர்ந்து வந்ததுன்னு ஜாதகத்தையே கொடுத்துடும்.

* ஆபத்தான ஷார்ட்கட்டோட கடைசியில இருக்கிற எண்டரை எடுத்துடுங்க. கமாண்ட் கீழே வந்து நின்னு நம்ம முகத்தைப் பார்க்கும். நாமளா எண்டர் தட்டினாத்தான் ஓடும். யோசிக்க ரெண்டு செகண்ட் கிடைக்கும்ல?

மொத்தமா அரை மணி நேர வேலை. மூணு மாசம் கழிச்சு, 'இதை எந்தப் புண்ணியவான் எழுதினான்?'னு முழிக்கப் போறது நீங்களேதான். அந்த அப்பாவிக்காகவாவது எழுதி வைங்க!

இப்போ என் விம்ஆர்சி-யில எஃப்6-க்கு மேலே ரெண்டு வரி இருக்கு. முதல் வரி நான் எழுதினது: 'கமிட் பண்ணாத வேலை மொத்தமும் போயிடும். ஜாக்கிரதை.' ரெண்டாவது வரி ரூம்மேட் உபயம்: 'முதல்ல கமிட் பண்ணித் தொலைடா!'